ஹாஸ்டல் வைஃபை: வாசகர் கேள்விகள், எங்கள் பதில்கள்

கல்லூரி திறக்கும் நேரம். பிள்ளைகளை விடுதியில் சேர்க்கும் பெற்றோரும், ஏற்கெனவே விடுதியில் நெட் கிடைக்காமல் திண்டாடும் மாணவர்களும் எழுதிய கடிதங்களில் இருந்து எட்டுக் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறோம்.

மகளை சென்னையில் ஒரு தனியார் பெண்கள் விடுதியில் சேர்க்கப் போகிறோம். வாசலில் "24 மணி நேரமும் ஹை ஸ்பீடு வைஃபை" என்று போர்டு இருக்கிறது. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் என்ன கேட்க வேண்டும்? எனக்கு இந்த விஷயத்தில் ஒன்றும் தெரியாது.
– ஓர் அம்மா, ஒட்டன்சத்திரம்

தெரியாது என்று நினைக்க வேண்டாம் அம்மா. நான்கு கேள்விகளும் ஒரு கணக்கும் போதும்.

லைன் எத்தனை எம்பிபிஎஸ் (நெட் வேகத்தின் அளவு), மொத்தம் எத்தனை பேர் தங்கியிருக்கிறார்கள் என்பதை முதலில் கேளுங்கள். 60 பேருக்கு 200 எம்பிபிஎஸ் என்று வைத்துக்கொள்வோம். இரவு ஒன்பது மணிக்கு 40 பேர் நெட்டில் இருந்தால் ஆளுக்கு 5 எம்பிபிஎஸ் வரும். வீடியோ வகுப்புக்கு 2 முதல் 3 எம்பிபிஎஸ் போதும் என்பதால் அது சமாளிக்கக்கூடிய அளவுதான். அதே 60 பேருக்கு 50 எம்பிபிஎஸ் என்றால் ஆளுக்கு ஒன்றே கால்தான். பாடம் கேட்கும்போது படம் உறையும், குரல் துண்டு துண்டாக வரும்.

அடுத்து, அது வீட்டுக்கான பிளானா, நிறுவனங்களுக்கான பிளானா என்று கேளுங்கள். "அன்லிமிடெட்" என்று விற்கப்படும் வீட்டு ஃபைபர் பிளான்கள் பலவற்றில் மாதம் 3,300 ஜிபி என்று ஓர் உச்சவரம்பு உண்டு. 60 பேர் நாளுக்கு 2 ஜிபி வீதம் பார்த்தால் மாதத்துக்கு 3,600 ஜிபி ஆகிவிடும். இருபத்தேழு, இருபத்தெட்டாம் தேதி வாக்கில் வேகம் குறைந்துவிடும். "மாசக் கடைசியானா நெட் படுத்துடுது" என்று பிள்ளைகள் சொல்வதற்குப் பல இடங்களில் இதுதான் காரணம்.

ஒரு மாடிக்கு எத்தனை வைஃபை பெட்டிகள் இருக்கின்றன என்பது மூன்றாவது கேள்வி. சாதாரண வீட்டு ரூட்டர் ஒன்றை நம்பி இருபது, முப்பது சாதனங்களுக்கு மேல் விடக் கூடாது. ஒரு மாணவிக்கு ஒரு போன், ஒரு லேப்டாப் என்று இரண்டு சாதனங்கள் இருக்கும். அப்படியானால் பத்துப் பதினைந்து பேருக்கு ஒரு பெட்டி வேண்டும். மூன்று மாடிக்கும் சேர்த்து வரவேற்பறையில் ஒரே ஒரு ரூட்டர் மினுக்கிக்கொண்டிருந்தால், லைன் 500 எம்பிபிஎஸ் ஆக இருந்தாலும் மேல் மாடிக்குப் பயனில்லை.

கரண்ட் போனால் நெட்டும் போய்விடுமா என்பது நான்காவது. விளக்குக்கும் மின்விசிறிக்கும் இன்வெர்ட்டர் வைத்திருப்பார்கள், வைஃபை பெட்டியை அதில் சேர்த்திருக்க மாட்டார்கள். இதைத் தனியாகக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, மகளுக்கு ஒதுக்கும் அதே அறைக்குப் போங்கள். கட்டிலில் உட்கார்ந்து, கதவைச் சாத்திவிட்டு, போனில் மொபைல் டேட்டாவை அணைத்து, விடுதி வைஃபையில் வேகத்தைச் சோதியுங்கள். காலை பதினொரு மணிக்கு எல்லா விடுதியிலும் நெட் பறக்கும். ஏனென்றால் எல்லோரும் கல்லூரிக்குப் போயிருப்பார்கள். முடிந்தால் இரவு எட்டரைக்கு மேல் போய்ப் பாருங்கள். வெளியூரில் இருந்து வருவதால் அது முடியாது என்றால், அங்கே தங்கியிருக்கும் ஒரு மாணவியிடம் "நைட் ஒன்பது மணிக்கு வீடியோ கால் பேச முடியுதாம்மா?" என்று கேளுங்கள். போர்டை விட அந்தப் பதிலை நம்பலாம்.

பகலில் நன்றாக இருக்கிறது. ராத்திரி ஒன்பது மணி ஆனதும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. வார்டனிடம் சொன்னால் "லைன் சரியாத்தான் இருக்கு, உன் லேப்டாப்தான் பழசு" என்கிறார். யார் பக்கம் தப்பு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– பொறியியல் மாணவர், கோவை

உங்கள் லேப்டாப்பிலேயே ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம். உங்களிடம் இருந்து வெளியுலகத்துக்கு இரண்டு தாண்டல்கள் இருக்கின்றன. லேப்டாப்பில் இருந்து விடுதி ரூட்டர் வரை காற்றில் போவது ஒன்று. ரூட்டரில் இருந்து வெளியே கம்பியில் போவது இன்னொன்று. எந்தத் தாண்டலில் கால் இடறுகிறது என்று பார்க்க வேண்டும்.

விண்டோஸில் "கமாண்ட் ப்ராம்ப்ட்" கறுப்புத் திரையைத் திறந்து "ஐபிகான்ஃபிக்" கட்டளையை ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். "டீஃபால்ட் கேட்வே" என்ற வரிக்கு நேராக 192.168.1.1 போல ஓர் எண் வரும். அதுதான் ரூட்டரின் முகவரி. இப்போது "பிங்" கட்டளை, ஓர் இடைவெளி, அந்த எண், மறுபடி ஓர் இடைவெளி, கடைசியில் ஒரு கழித்தல் குறியும் 'டி' எழுத்தும் சேர்த்துத் தட்டி என்டர் அழுத்துங்கள். வரி வரியாக ஓட ஆரம்பிக்கும். கன்ட்ரோல், சி இரண்டையும் சேர்த்து அழுத்தினால் நிற்கும். இன்னொரு திரை திறந்து இதையே வெளியுலகில் இருக்கும் கூகுள் சர்வரின் 8.8.8.8 என்ற முகவரிக்கும் ஓட விடுங்கள். நெட் சுற்றும் நேரத்தில், ஒன்பது மணிக்குத்தான் இதைச் செய்ய வேண்டும்.

ஒவ்வொரு வரியிலும் பதில் திரும்பி வர ஆன நேரம் இருக்கும். ரூட்டருக்கான வரிகளில் அது 3, 5, 8 மில்லிவினாடி என்று அமைதியாக வந்தால் காற்றுப் பாதை நலம். அங்கேயே 200, 450 என்று துள்ளினாலோ, நடுநடுவே "ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்" வந்தாலோ கோளாறு உங்கள் அறைக்கும் ரூட்டருக்கும் நடுவில் இருக்கிறது. ரூட்டர் 5 என்று நிதானமாக இருக்க, 8.8.8.8 மட்டும் 20-இல் இருந்து 300-க்கு ஏறினால் விடுதியின் லைன் நிரம்பி வழிகிறது என்று பொருள். உங்கள் லேப்டாப் மேல் பழி போட இடமில்லை. இரண்டும் நன்றாக இருந்தும் இணையதளங்கள் திறக்கவில்லை என்றால் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவை) கோளாறாக இருக்கலாம். சில விடுதிகளில் ரூட்டர் பிங்குக்குப் பதில் சொல்லாதபடி வைத்திருப்பார்கள். அப்போது வைஃபை பெட்டிக்கு நேர் கீழே போய் நின்று வேகத்தைப் பாருங்கள். அங்கே நன்றாக இருந்து, அறையில் மட்டும் மோசம் என்றால் காற்றுப் பாதைதான் காரணம்.

இரவில் காற்றுப் பாதை ஏன் கெடுகிறது? வைஃபையில் ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும், மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். வைஃபை ஓடும் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளில், 2.4-இல் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றே மூன்று. கடைசி அறையில் மங்கிய சிக்னலில் இருக்கும் ஒருவரின் போன் மெதுவாகத்தான் பேசும். அதே ஒரு பாட்டை அனுப்ப அது பல மடங்கு நேரம் எடுத்துக்கொள்ளும். அவரால் பெட்டிக்குப் பக்கத்து அறையில் இருப்பவருக்கும் வேகம் குறையும். நெட் வரவில்லையே என்று பத்துப் பேர் போனில் ஹாட்ஸ்பாட் போட்டால் அந்தப் பத்தும் இதே காற்றில்தான் கத்தும். நிலைமை இன்னும் மோசமாகும்.

உங்கள் அளவில் செய்யக்கூடியது, 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுவது. டிவைஸ் மேனேஜரில் வைஃபை அடாப்டரைத் திறந்து, "அட்வான்ஸ்டு" பக்கத்தில் "ப்ரிஃபர்டு பேண்ட்" என்பதை 5 கிகாஹெர்ட்ஸ் என்று வையுங்கள். பழைய லேப்டாப்பில் 5 இல்லாவிட்டால் இரண்டு அலைவரிசையிலும் ஓடும் டூயல் பேண்ட் யுஎஸ்பி அடாப்டர் வாங்கிச் செருகலாம். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவர் தாண்டுவதில் பலவீனம். பெட்டி வராந்தாவில் இருந்தால் மேசையைக் கதவுப் பக்கம் நகர்த்துங்கள். இரும்பு பீரோ நடுவில் நின்றால் அதையும் ஓரம் தள்ளுங்கள். போனில் வைஃபை அனலைசர் செயலி போட்டுப் பார்த்தால் சிக்னல் மைனஸ் கணக்கில் தெரியும். மைனஸ் 67 அல்லது அதைவிட நல்லதாக (மைனஸ் 60, 50) இருந்தால் வீடியோ வகுப்பு ஓடும். மைனஸ் 80 என்றால் அந்த மூலையில் உட்கார்ந்து பயனில்லை.

லைன்தான் நிரம்புகிறது என்று தெரிந்தால், பிங் திரையை நேரம் தெரியும்படி மூன்று இரவுகள் படமெடுத்து வார்டனிடம் கொடுங்கள். நெட் நிறுவனத்துக்கு வாடிக்கையாளர் விடுதி உரிமையாளர்தான். புகார் எண் வாங்க அவரால்தான் முடியும். ஆளாளுக்கு வேக வரம்பு வைக்கச் சொல்லியும் கேளுங்கள். நான்கு பேர் படம் டவுன்லோட் போட்டதில் நாற்பது பேர் தவிப்பதை அது நிறுத்தும்.

விடுதி வைஃபை "கனெக்டட்" என்கிறது, ஆனால் லாகின் பக்கமே வரவில்லை. வந்தாலும் "டிவைஸ் லிமிட் முடிந்துவிட்டது" என்கிறது. என்னிடம் இருப்பது ஒரு போனும் ஒரு லேப்டாப்பும்தான்.
– முதலாமாண்டு மாணவி, திருச்சி

இரண்டும் தனித்தனிக் கோளாறுகள்.

லாகின் பக்கம் வராததற்கு, போனில் விபிஎன் (நெட்டை வேறொரு சர்வர் வழியாகச் சுற்றி அனுப்பும் செயலி) அல்லது "பிரைவேட் டிஎன்எஸ்" ஓடிக்கொண்டிருப்பது அடிக்கடி காரணமாகிறது. விபிஎன்னை அணையுங்கள். செட்டிங்ஸில் பிரைவேட் டிஎன்எஸ்ஸை "ஆட்டோமேட்டிக்" ஆக்குங்கள். மொபைல் டேட்டாவையும் அணையுங்கள், இல்லாவிட்டால் போன் சத்தமில்லாமல் அதற்குத் தாவிவிடும். பிறகு பிரவுசரில் பூட்டுக் குறி இல்லாத பழைய பாணித் தளம் ஒன்றைத் திறக்க வேண்டும். நெவர்எஸ்எஸ்எல் டாட் காம் என்ற தளம் இதற்கென்றே இருக்கிறது. பூட்டுக் குறி உள்ள தளங்களை நடுவில் மறித்து லாகின் பக்கத்துக்குத் திருப்ப முடியாது. கூகுளைத் திறந்து திறந்து பார்த்து ஏமாறுவது அதனால்தான்.

லிமிட் விஷயம் கொஞ்சம் நுணுக்கமானது. ஒவ்வொரு சாதனத்துக்கும் மேக் முகவரி என்று பன்னிரண்டு எழுத்தெண் கொண்ட அடையாளம் உண்டு. விடுதி உங்களை அதை வைத்துத்தான் எண்ணுகிறது. ஆனால் ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன்கள் ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் ஒரு கற்பனை மேக் முகவரியைக் காட்டுகின்றன. உங்கள் விடுதியில் மாடிக்கு மாடி வைஃபை பெயர் வேறாக இருந்தால், ஒரே போன் மூன்று மாடியில் மூன்று சாதனமாகப் பதிவாகிவிடும். சேர்க்கைப் படிவத்தில் "அபௌட் போன்" பக்கத்தைப் பார்த்து உண்மை முகவரியை எழுதிக் கொடுத்திருந்தால், போன் காட்டும் முகவரி அதோடு பொருந்தவும் பொருந்தாது.

ஆண்ட்ராய்டில் அந்த வைஃபை பெயரின் பல்சக்கரக் குறியைத் தொட்டு, "பிரைவசி" பகுதியில் "டிவைஸ் மேக்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஐபோனில் வைஃபை பெயருக்குப் பக்கத்தில் உள்ள 'ஐ' குறியைத் தொட்டு, "பிரைவேட் வைஃபை அட்ரஸ்" என்பதை அணையுங்கள். விண்டோஸிலும் "ரேண்டம் ஹார்ட்வேர் அட்ரஸ்" என்று இருக்கும். அதன் பிறகு பழைய பதிவுகளை நீக்கித் தரும்படி விடுதி அலுவலகத்தில் கேளுங்கள். விடுதி வைஃபைக்கு மட்டும் இப்படிச் செய்யுங்கள். ரயில் நிலையம், கடை வைஃபைகளில் கற்பனை முகவரி இருப்பதே உங்களுக்குப் பாதுகாப்பு.

விடுதியில் நெட்டே கிடையாது. நாளுக்கு 1.5 ஜிபி ரீசார்ஜ் ஆன்லைன் வகுப்புக்குப் போதுமா?
– வாசகர், தேனி

கேமராவை அணைத்துவிட்டு நல்ல தரத்தில் ஒரு மணி நேரம் பார்த்தால் சுமார் அரை ஜிபி ஆகும். கேமராவும் ஓடினால் ஒரு ஜிபியைத் தொடும். ஆகவே இரண்டு வகுப்புகளுக்கு, கேமரா இல்லாமல், போதும். தினசரி அளவு தீர்ந்ததும் பெரும்பாலான பிளான்களில் வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும். வாட்ஸ்அப்பில் எழுதலாம், வகுப்பு கேட்க முடியாது. என்பிடிஇஎல் (ஐஐடிகள் நடத்தும் இணையப் பாடத் திட்டம்) பாடங்களை அவர்கள் தளத்தில் இருந்தே கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். கல்லூரி நூலக நெட்டில் வாரத்துக்கு ஒருமுறை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். லேப்டாப்பை ஹாட்ஸ்பாட்டில் இணைத்தவுடன் அந்த இணைப்பை "மீட்டர்டு கனெக்ஷன்" என்று மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் விண்டோஸ் அப்டேட் ஒரே மூச்சில் அன்றைய 1.5 ஜிபியைக் குடித்துவிடும்.

அறைச் சுவரில் லேன் பாயின்ட் இருக்கிறது. சொந்தமாக ஒரு ரூட்டர் வாங்கி மாட்டினேன். எனக்கு நெட் வந்தது, மாடியில் மற்ற எல்லோருக்கும் போய்விட்டது. வார்டன் ரூட்டரைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்.
– மாணவர், வேலூர்

சுவரில் இருந்து வரும் கேபிளை ரூட்டரின் "லேன்" துளைகளில் ஒன்றில் செருகியிருப்பீர்கள். எந்த ரூட்டரும் தன் லேன் பக்கத்தில் கேட்பவர்களுக்கெல்லாம் முகவரி வழங்கும். அதன் பெயர் டிஹெச்சிபி. உங்கள் ரூட்டர் அறைக்குள் வழங்க வேண்டிய முகவரிகளைச் சுவர் வழியாக மாடி முழுக்க வழங்கிவிட்டது. அடுத்த அறைக்காரரின் லேப்டாப் விடுதி முகவரிக்குப் பதிலாக உங்கள் முகவரியை வாங்கிக்கொண்டு வழி தெரியாமல் நின்றது. நடந்தது இவ்வளவுதான். நீங்கள் வேண்டுமென்று செய்யவில்லை என்பதை இப்படியே வார்டனிடம் விளக்குங்கள்.

கேபிள் செருக வேண்டியது தனி நிறத்திலோ சற்றுத் தள்ளியோ இருக்கும், வெளி இணைப்புக்கான "வேன்" துளையில். ஆனாலும் பல விடுதிகளில் சொந்த ரூட்டருக்கு அனுமதியே கிடையாது, கேட்காமல் மாட்ட வேண்டாம். ரூட்டரே இல்லாமல் ஒரு கேட் 6 வகை நெட் கேபிளை நேராக லேப்டாப்பில் செருகினால் போதும். லேன் துளை இல்லாத மெல்லிய லேப்டாப் என்றால் யுஎஸ்பி ஈதர்நெட் அடாப்டர் வாங்குங்கள், கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) என்று பார்த்து வாங்குங்கள். செருகிய பின் இணைப்பு வேகம் 1000-க்குப் பதில் 100 என்று காட்டினால் கேபிளில் கோளாறு இருக்கலாம். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு உள்ளே இருக்கும் எட்டுக் கம்பிகளில் நான்கு போதும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். நுனிக் கண்ணாடிக் கொண்டையின் சின்ன நாக்கு உடைந்திருந்தாலும் கேபிள் தளர்ந்து நெட் வந்து வந்து போகும்.

இரவு 11 மணிக்கு வைஃபையை அணைத்துவிடுகிறார்கள். பெண்கள் விடுதியில் மட்டும்தான் இந்த விதி. சட்டப்படி கேள்வி கேட்க முடியுமா?
– ஒரு தந்தை, நாகர்கோவில்

கேட்கலாம். கோழிக்கோடு மாவட்டத்தில் ஒரு கல்லூரி விடுதியில் மாலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை மொபைல் போன் பயன்படுத்தத் தடை இருந்தது. அதை ஏற்க மறுத்து விடுதியில் இருந்து வெளியேற்றப்பட்ட மாணவி ஃபஹீமா ஷிரின் கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2019 செப்டம்பர் 19 அன்று நீதிபதி பி.வி. ஆஷா தீர்ப்பளித்தார். இணையத்தை அணுகும் உரிமை, அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்றது அந்தத் தீர்ப்பு. மாணவியைத் திரும்பச் சேர்க்கவும் உத்தரவிட்டது.

அது போன் தடை பற்றிய வழக்கு, வைஃபையை அணைப்பது பற்றியது அல்ல. வேறு மாநில நீதிமன்றத் தீர்ப்பு தமிழ்நாட்டில் கட்டாயமாகப் பொருந்தாது, எடுத்துக்காட்டலாம். எனவே வழக்கு என்று தொடங்காமல் மாணவிகள் சேர்ந்து எழுத்தில் ஒரு கோரிக்கை கொடுக்கட்டும். கூகுள் கிளாஸ்ரூமில் ஆசிரியர் நேரம் குறிப்பிடாவிட்டால் அசைன்மென்ட் கடைசி நேரம் இரவு 11:59 என்றுதான் இருக்கும். 11 மணிக்கு நெட் போனால் அந்த ஒரு மணி நேரம் மாணவிகளுக்கு மட்டும் பறிபோகிறது. இதை முதல் வரியிலேயே எழுதுங்கள். அறைகளில் இல்லாவிட்டாலும் படிப்புக் கூடத்திலாவது இரவு முழுக்க வைஃபை வேண்டும் என்று கேளுங்கள். ஆண்கள் விடுதிக்கு என்ன நேரமோ அதுவே எங்களுக்கும் என்று கேட்பதில் தயங்க ஒன்றுமே இல்லை.

மகன் மேற்படிப்புக்கு இங்கிலாந்து போகிறான். அங்கே போய் இறங்கிய அன்றே நெட் இருக்குமா? ரூட்டர் வாங்கி அனுப்ப வேண்டுமா?
– ஓர் அம்மா, மதுரை

ரூட்டர் வேண்டாம். பல்கலைக்கழக விடுதிகளில் சொந்த ரூட்டருக்குப் பெரும்பாலும் அனுமதி இல்லை.

அங்கே பல்கலைக்கழகங்களில் "எடுரோம்" என்ற வைஃபை இருக்கும். பயனர் பெயரை மின்னஞ்சல் போல, பின்னால் வரும் பல்கலைக்கழகப் பெயரோடு முழுதாகக் கொடுக்க வேண்டும். வெறும் மாணவர் எண்ணைக் கொடுத்துவிட்டு "பாஸ்வேர்டு தப்பு" என்று குழம்புபவர்கள் நிறைய. கணக்கு கிடைத்தவுடன், மதுரையில் இருக்கும்போதே, "கெட்எடுரோம்" செயலி வழியாகப் போனில் அமைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வைஃபை உண்மையானதுதான் என்று காட்டும் டிஜிட்டல் சான்றிதழையும் அது சரியாகப் போட்டுவிடும். சான்றிதழ் சரிபார்க்காமல் இணைந்தால், அதே பெயரில் யாராவது போலி வைஃபை வைத்துப் பாஸ்வேர்டைத் திருட வழி உண்டு.

தனியார் மாணவர் குடியிருப்பு என்றால் நெட் நிறுவனம் வேறாக இருக்கலாம், அதற்குத் தனிக் கணக்கு. டிவி ஸ்டிக், கேம் பெட்டி போன்றவற்றில் லாகின் பக்கம் திறக்காது, அவற்றின் மேக் முகவரியை அந்தக் கணக்கில் பதிய வேண்டும். நண்பர்களோடு வீடு எடுத்தால் வாடகையில் இணையம் சேர்ந்ததா என்று ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டும். சேராவிட்டால் 18, 24 மாத ஒப்பந்தத்தில் சிக்காமல் மாணவர்களுக்கான 9 அல்லது 12 மாத பிளானைத் தேடட்டும்.

இந்திய சிம்மில் ரோமிங்கைப் புறப்படும் முன்பே இயக்கி வையுங்கள். வங்கி ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். நம் ஊர் பிளக் அங்கே பொருந்தாது, இரண்டு அடாப்டர்களைக் கைப்பையில் வைத்து அனுப்புங்கள்.

அடுத்த வாரம் கேம்பஸ் இன்டர்வியூவின் ஆன்லைன் தேர்வை விடுதி அறையில் இருந்தே எழுத வேண்டும். நடுவில் நெட் போனால் என்ன செய்வது?
– இறுதியாண்டு மாணவி, சேலம்

இரண்டாவது வழியை இன்றே தயார் செய்யுங்கள். விடுதி லைன் எந்த நிறுவனமோ அதுவல்லாத வேறு நிறுவன சிம் உள்ள போனை யுஎஸ்பி கேபிளால் லேப்டாப்பில் இணைத்து, "யுஎஸ்பி டெதரிங்" இயக்குங்கள். வைஃபை ஹாட்ஸ்பாட்டை விட இது நிலையானது, போனும் சார்ஜ் ஆகும். கேபிள் டேட்டா போகும் வகையா என்று பாருங்கள். சார்ஜ் மட்டும் ஆகும் கேபிளில் டெதரிங் பொத்தானே உயிர்பெறாது. வைஃபையை அணைத்து டெதரிங்குக்கு மாறுவதை முந்தைய நாள் இரண்டு முறை செய்து பாருங்கள்.

மின்வெட்டு பயம் இருந்தால், விடுதியின் ஃபைபர் பெட்டிக்கு மினி யுபிஎஸ் வைக்க வார்டனிடம் கேளுங்கள். பெட்டியின் அடாப்டரில் 12 வோல்ட், 1 ஆம்பியரா 2 ஆம்பியரா என்று அச்சிட்டிருக்கும். யுபிஎஸ்ஸின் வோல்ட் அதேயாக இருக்க வேண்டும், ஆம்பியர் அதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். யுபிஎஸ்ஸில் "8000 எம்ஏஹெச்" என்று போட்டிருந்தால் அது 3.7 வோல்ட் கணக்கு, கிட்டத்தட்ட 30 வாட்-மணி. நடுவில் வீணாவது போக, 10 வாட் இழுக்கும் ரூட்டரை இரண்டரை மணி நேரம் தாங்கும். ஃபைபர் பெட்டியும் ரூட்டரும் தனித்தனியாக இருந்தால் இரண்டுக்கும் வேண்டும்.

அப்படியும் நடுவில் அறுந்தால் தேர்வுப் பக்கத்தை மூடாதீர்கள், திரையை நேரத்தோடு போனில் படமெடுங்கள், டெதரிங்குக்கு மாறுங்கள், மீண்டும் நுழையுங்கள். தேர்வு நடத்துபவர்களின் உதவி எண்ணை ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டி வையுங்கள். நெட் இல்லாத நேரத்தில் அதை மின்னஞ்சலில் தேட முடியாது.